ஜிப்ஸிக்கு அடியில் சுண்ணாம்பு

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு சட்டி எடுத்துக் கரைத்து, என் ஜிப்ஸி ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு பூச ஆரம்பித்தேன். முன் ஆக்ஸில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, பின் உருண்டை, சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே தொங்கும் யு போல்ட் பிளேட் (பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் தகடு) நான்கு, நடுவில் இருக்கும் குறுக்குச் சட்டம், சைலன்சர் குழாய், பின்பக்கக் கொக்கி என்று ஒன்றையும் விடவில்லை. காபியோடு வந்த மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "ஏனுங்க, செவுரு அங்கதானுங்க இருக்குது" என்றார்.

காட்டுப் பாதையில் அடி உரசாமல் இருக்க வண்டியை எத்தனை இன்ச் தூக்கலாம் என்று ஐந்து மாதமாக ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் பணமும் போயிருந்தது. கடைசியில் வண்டியையே கேட்டுவிடுவோம் என்றுதான் சுண்ணாம்புச் சட்டியை எடுத்தேன்.

வண்டி 2007 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், ஹார்டு டாப். 1985-இல் ஒரு லிட்டர் இன்ஜினோடு வந்த ஜிப்ஸிக்கு 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜின் வைத்து 'கிங்' என்று பெயர் போட்டார்கள். என்னுடையது அதற்கும் பிந்திய, எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை ஊசி மாதிரி பீய்ச்சும் முறை) வந்த 80 குதிரைத்திறன் வண்டி. எடை சுமார் ஒரு டன்தான். பொதுமக்களுக்கு விற்பதை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் லாரி மாதிரி முழு ஆக்ஸில், நாலு சக்கரத்துக்கும் பட்டை. பவர் ஸ்டியரிங் கிடையாது. 2016-இல் ஒருவரிடம் இருந்து இரண்டாம் கையாக வாங்கினேன்.

நாமக்கல்லைச் சுற்றி இருக்கும் கோழிப் பண்ணைகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். மோகனூர், பரமத்தி வேலூர், புதன்சந்தை, ராசிபுரம் என்று ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடும். பாதி நான்கு வழிச்சாலை, பாதி பண்ணைக்குள் போகும் மண் பாதை. பின் சீட்டில் ஐஸ் பெட்டி, ஊசிப் பெட்டி. திரும்பி வரும்போது யாராவது பிரியமாகக் கொடுத்த முட்டை. இதுதான் என் வண்டியின் தினசரி வாழ்க்கை. ஷோ காட்டும் வண்டி இல்லை.

மாதம் இரண்டு முறை மட்டும் கொல்லிமலை ஏறும். செம்மேட்டுக்கு அப்பால் அப்பா வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர் இருக்கிறது. மிளகு, கொஞ்சம் காபி, நாலு பலா. காரவள்ளியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலை வந்துவிடும். அதுவரை நல்ல தார் ரோடு, ஸ்கூட்டர்கூடப் போகும். தார் ரோட்டை விட்டு எங்கள் காட்டுக்குப் பிரியும் ஒன்றே முக்கால் கிலோமீட்டரில்தான் சிக்கல். டிராக்டர் சக்கரம் இரண்டு பக்கமும் ஆழமாக அறுத்துவிட்டு நடுவில் ஒரு முதுகு நிற்கும். பாதி தூரத்தில் ஒரு பாறைப் படி. ஐப்பசி மழை முடிந்தால் அந்தப் படி ஒரு சாண் கூடியிருக்கும். அங்கே வண்டியின் அடி உரசும் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

தூக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது அங்கேதான்.

இனி நான் செய்த முட்டாள்தனம். நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். இங்கே எந்தத் தெருவில் கேட்டாலும் "பின்னாடி தொங்குதா? ஒரு பட்டை சேத்துப் போடுங்க" என்பார்கள். பாரம் ஏற்றும் வண்டிக்கு அது சரியான வைத்தியம். போன ஆடியில், செம்மேட்டில் ஓரி விழாவுக்குக் கூட்டம் கூடுவதற்கு முந்தின வாரம், ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டு மணி நேரத்தில் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு பட்டை, ஏதோ சின்ன லாரியின் பழைய பட்டையை வெட்டிச் சேர்த்துவிட்டார்கள். 3,500 ரூபாய். வண்டியின் பின்புறம் இரண்டரை இன்ச் எழுந்து நின்றது. பார்க்க என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது.

கம்பீரம் புதன்சந்தை போவதற்குள் இறங்கிவிட்டது. வேகத்தடை ஒவ்வொன்றும் நடு முதுகில் வந்து அடித்தது. ஐம்பது, அறுபதில் போகும்போது தரையில் ஒரு அதிர்வு. பின்பக்கம் உயர்ந்ததில், ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, இரண்டு முனையிலும் இருக்கும் கிராஸ் மூட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் உதறியது. மலைப் பாதையிலாவது சுகம் உண்டா என்றால், அங்கே இன்னும் மோசம். பட்டை விறைத்துக்கொண்டதால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க மறுத்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு என்றால் பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கும். ஜிப்ஸியின் டிஃபரன்ஷியலில் லாக் கிடையாது. அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் வேடிக்கை பார்க்கும். முன்பு முனகிக்கொண்டே ஏறிய பாறைப் படியில், இரண்டரை இன்ச் உயர்ந்த பிறகு நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பிறகுதான் உறைத்தது. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அகலமும் நீளமும் ஒன்றாக இருந்து தடிமன் மட்டும் இரண்டு மடங்கு ஆனால், விறைப்பு எட்டு மடங்கு. லாரிப் பட்டை ஒன்றைச் சேர்ப்பது ஜிப்ஸிக்கு ஒரு பட்டையைச் சேர்ப்பது ஆகாது. ஒரு கட்டையைச் சேர்ப்பது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளை நம் பக்கம் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறார்கள் என்று அந்த மாதம் எனக்குப் புரிந்தது.

எவ்வளவு கெட்டுப்போனது என்று அளக்க என்னிடம் ஒரு கருவி உண்டு. முட்டை ட்ரே. முப்பது முட்டை, பின் சீட்டில் கட்டாமல் வைத்து, செம்மேடு தாண்டிக் காட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்புவது. பழைய தொங்கிப்போன பட்டையில் இரண்டு கீறல் விழும். லாரிப் பட்டையில் ஒன்பது. நாமக்கல்காரனிடம் ஒன்பது முட்டை என்பது சும்மா விஷயம் இல்லை. அம்மா அன்றைக்கு இரவு எல்லோருக்கும் முட்டைக் குழம்பு வைத்துவிட்டு, "வண்டிய பழசாட்டவே பண்ணிப்போடு கண்ணு" என்றார். மறுநாளே அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டேன்.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன்.

பூசி, காயவிட்டு, மதியம் மலை ஏறினேன். காட்டுப் பாதையில் மெதுவாகப் போய்த் திரும்பி வந்து, தார் ரோட்டு ஓரத்தில் சாக்கு விரித்துப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு டிஃபரன்ஷியல் உருண்டையிலும் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. பின் உருண்டையில் மட்டும் புல் தேய்த்த கோடு. இத்தனை நாள் 'டிஃபரன்ஷியல் அடிபடுகிறது' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடிபட்டதெல்லாம் வேறு. பின்பக்க யு போல்ட் பிளேட் இரண்டும் பளிச்சென்று தேய்ந்திருந்தன. நடுக் குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை. அது பாதை நடுவில் நிற்கும் அந்த முதுகின் வேலை. எல்லாவற்றையும் விட மோசமாக அடி வாங்கியது பின்னால் இருந்த கொக்கியும் அதோடு சேர்த்துப் பற்றவைத்த இரும்புப் படியும். அது மாருதி வைத்தது இல்லை. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் சேர்த்த மூன்று இன்ச் சதுரக் குழாய். பாறைப் படியில் இறங்கும்போது நான் பல்லைக் கடித்த அந்தச் சத்தம் அந்தக் குழாயின் சத்தம்.

திங்கட்கிழமை காலை குழாயை அறுத்தெடுத்தேன். செலவு 200 ரூபாய். பிரச்சினையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது.

மிச்சம் இரண்டு. குறுக்குச் சட்டம் சேஸிஸோடு சேர்ந்தது; பட்டையை உயர்த்தினால் அதுவும் உயரும். யு போல்ட் பிளேட் அப்படி இல்லை. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது. பட்டையை எத்தனை இன்ச் தூக்கினாலும் ஆக்ஸிலும் அதில் தொங்குவதும் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆக்ஸிலை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். இது தெரியாமல் நான்கு இன்ச் தூக்கிவிட்டுப் பழைய டயரோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடி வானத்தில் இருக்கும், உருண்டை பழைய இடத்திலேயே கல்லில் மோதிக்கொண்டிருக்கும்.

என் வண்டியில் இருந்தது 205/70 ஆர் 15. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 668 மி.மீ. பொலிரோவுக்குப் போடும் 215/75 ஆர் 15 என்றால் 703. வித்தியாசம் 35 மி.மீ.; அதில் பாதி, அதாவது 18 மி.மீ.க்குள்தான் ஆக்ஸில் உயரும். முக்கால் இன்ச்கூட இல்லை. ஆனால் அந்தப் பிளேட்டில் தேய்ந்த அளவைப் பார்த்தால் எனக்கு அதுவே போதும். பொலிரோ டயர் என்பதால் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது இன்னொரு லாபம். விலை என்ன என்றால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்: 100 காட்டும்போது வண்டி 105-இல் போகும். அப்புறம் கியரும் கொஞ்சம் நீளமாகிவிடும், ஏற்றத்தில் ஒரு கியர் முன்கூட்டியே இறக்க வேண்டி வரும். 1.3 லிட்டர் இன்ஜினுக்கு இதற்கு மேல் பெரிய டயர் பாவம்.

அடுத்து, பட்டை எவ்வளவு தொங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். புதிதாக இருந்தபோது எவ்வளவு இருந்தது என்று யாரைக் கேட்பது? ராசிபுரத்தில் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் அதிகம் ஓடாத 2012 ஜிப்ஸி ஒன்று ஷெட்டில் நிற்கிறது. மருந்து கொடுக்கப் போன நாளில் அனுமதி கேட்டு டேப் வைத்து அளந்தேன். சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை. டயர் அளவு, காற்று எதுவும் இந்த அளவைக் கெடுக்காது. என் வண்டி சராசரியாக 28 மி.மீ. தாழ்ந்திருந்தது. அதிலும் முன் வலது பக்கம் முன் இடதைவிட 14 மி.மீ. கீழே. பதினாறு வருடம் பெரும்பாலும் ஓட்டுகிறவர் மட்டுமே உட்கார்ந்து போன வண்டிக்கு வலது தோள் இறங்கத்தானே செய்யும்.

ஒரு இன்ச்சுக்கு மேல் வண்டி ஏற்கெனவே தொலைத்திருக்கிறது. அதைத் திரும்ப வாங்கினாலே குறுக்குச் சட்டம் பாதி தப்பிவிடும். அப்புறம் இன்னொரு இன்ச். அதற்கு மேல் வேண்டாம் என்று அந்த ஷெட்டிலேயே முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி. மாதம் ஒரு முறை மலைக்கு அவரும் வருவார். அறப்பளீஸ்வரரைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்.

எப்படி உயர்த்துவது என்பதில்தான் நண்பர்களோடு சண்டை. ஒருவர், பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடச் சொன்னார். மலிவு, ஒரு மணி நேர வேலை. ஷேக்கிளை இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி ஒரு இன்ச் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனைதான் இறங்குகிறது. ஆனால் ஜிப்ஸியின் முன் பட்டையில் ஷேக்கிள் முன் முனையில் இருக்கிறது. அந்த முனை கீழே இறங்கும்போது ஆக்ஸில் மொத்தமும் கொஞ்சம் முன்பக்கம் கவிழும். அதனால் கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். கேஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேர் வராது. எழுபது வளைவு ஏறி எழுபது வளைவு இறங்குகிறவனுக்கு, ஒவ்வொரு வளைவின் முடிவிலும் ஸ்டியரிங்கைக் கையால் திருப்பிக் கொண்டுவருவது என்றால் சாயங்காலம் தோள் கழன்றுவிடும். அவருடைய வண்டியையே ஓட்டிப் பார்த்தேன். நான்கு வழிச்சாலையில் லாரி தாண்டும்போதெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் துள்ளியது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஷிம் வைத்து கேஸ்டரை மீட்கலாம். மீட்டால் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே குனிந்து, அந்தப் பக்கத்து கிராஸுக்குக் கோணம் கூடும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று.

இன்னொருவர் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றிவிடச் சொன்னார். ஜிப்ஸியில் ஆக்ஸில் பட்டைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். (அதனால்தான் சில வண்டிகளில் செய்வது மாதிரி நடுவில் கட்டை வைத்துத் தூக்கும் வேலை இதில் நடக்காது, வைத்தால் வண்டி இறங்கிவிடும்.) பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே கொண்டுபோனால் ஒரே அடியில் சுமார் ஐந்து இன்ச் உயரும், என்னைப் படுத்திய யு போல்ட் பிளேட்டும் ஆக்ஸிலுக்குக் கீழே தொங்காது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொஞ்சம் சபலமும் தட்டியது. ஆனால் ஆக்ஸில் ஹவுசிங்கில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கை மாற்ற வேண்டும், பிரேக் ஹோஸ் நீள வேண்டும், ஷாக் அப்சார்பர் நீள வேண்டும், பிரேக் அழுத்தும்போது ஆக்ஸில் பட்டையை முறுக்காமல் தடுக்க வேண்டும். சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் 1.3 மீட்டர்தான் இருக்கும் ஒரு வண்டியில், அத்தனை உயரத்தோடு கொண்டை ஊசி இறங்குவது என்பது நினைக்கவே வயிற்றைக் கலக்கியது. தினமும் தடுப்பூசி கொண்டுபோகும் வண்டி அது. காட்டுக்கு மட்டும் வைத்திருக்கிற இரண்டாவது வண்டியாக இருந்தால் யோசித்திருப்பேன்.

மிஞ்சியது புதுப் பட்டை. சேலம் ரோட்டில் லாரிப் பட்டை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் 'பாய்'. அறுபது வயதுக்கு மேல். என் பழைய பட்டையை மறுபடி அடித்து வளைவு ஏற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ஒரு பட்டையைக் கழற்றி, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இது களைச்ச இரும்புங்க தம்பி. அடிச்சா நிமிரும். ஆறு மாசத்துல திருப்பிப் படுத்துக்கும்" என்றார். சூடு பண்ணாமல் சுத்தியலால் அடித்து ஏற்றிய வளைவு நிற்காது. சூடு பண்ணினால் முறையாகத் தணித்துப் பதம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஒன்று மென்மையாகிவிடும், அல்லது உடையும். காசு வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

லாரிப் பட்டைச் சமாச்சாரத்தைச் சொன்னபோது மட்டும் சிரித்துவிட்டார். "கழுதைக்கு யானை எலும்ப வச்சிருக்காங்க."

நாங்கள் முடிவு செய்தது இது: கம்பெனிப் பட்டையின் அதே அகலம், அதே தடிமன், அதே எண்ணிக்கை. கேம்பர் மட்டும், அதாவது வளைவின் உயரம் மட்டும், 25 மி.மீ. கூட. விறைப்பு மாறாது, நிற்கும் உயரம் மட்டும் மாறும். முன் வலது பட்டைக்கு மட்டும் 5 மி.மீ. சேர்த்து வைக்கலாம் என்பது பாயின் யோசனை, என் எடைக்காக. நான் 92 கிலோ; மறுப்பதற்கு இல்லை. பட்டை தயாராகி வர பன்னிரண்டு நாள் ஆனது. வில்லாளி ஓரி ஆண்ட மலைக்குப் போக வண்டிக்கு வில் வளைத்துக்கொண்டிருக்கிறோம் என்று பாயிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்த வில் எத்தனை பட்டை என்பது.

மாட்டியது மாசி மாதம், ஒரு முழு நாள் வேலை. யு போல்ட் எல்லாம் புதிது; ஒரு முறை இழுத்து முறுக்கிய யு போல்ட்டைத் திரும்பப் போடுவது மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை. புஷ், ஷேக்கிள் பின், சென்டர் போல்ட் எல்லாமே புதிது. ஷாக் நான்கும் மாற்றினேன். நின்ற நிலையில் ஷாக்குக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்ததில், இந்த 25 மி.மீ.க்குக் கம்பெனி நீள ஷாக்கே தாங்கியது. இரண்டு இன்ச் போயிருந்தால் நீள ஷாக் தேடியிருக்க வேண்டும். அப்புறம் ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, பிரேக் ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா என்று பார்த்தோம். முன் இடது ஹோஸ் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட்டை லேசாகக் கீழே வளைத்ததும் சரியானது. ஸ்டியரிங் சக்கரம் கால் கைப்பிடி அளவு கோணலாக நின்றது. வண்டி உயர்ந்தால் டிராக் லிங்க் சாய்வதில் இது வரத்தான் செய்யும். அதன் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்தோம். புது டயர் முழு ஒடிப்பில் பட்டையை முத்தமிட்டதால் ஸ்டாப்பர் போல்ட்டை இரண்டு சுற்று வெளியே எடுத்தார்கள். வண்டி திரும்பும் வட்டம் ஒரு கையகலம் கூடியது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பட்டைக்கு நடுவில் பழைய ஆயில் அடிப்பது நம் ஊர் வழக்கம். லாரிக்குப் பித்தளை புஷ் இருந்தால் அடிக்கட்டும். ஜிப்ஸியில் ரப்பர் புஷ். ஆயில் பட்டால் ஊறிப் பிய்ந்துவிடும். பாய் கடைப் பையன் ஆயில் டப்பாவோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

பட்டை, புஷ், யு போல்ட் எல்லாம் சேர்த்து 21,000. ஷாக் 9,000. கூலி 4,500. டயர் ஐந்து தனியாக 32,000. பழைய டயர் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது என்று மனைவியிடம் சொன்னேன். பாதி உண்மை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களில் இருந்து வண்டி மாறும்படி மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. என் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்து, 2022-இல் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அடுத்த முறை 2027. அப்போது அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூசாத வண்டியாக இது இருக்க வேண்டும் என்பதும் நான் சின்ன அளவில் நின்றதற்கு ஒரு காரணம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டயர் அளவையும் பட்டை மாற்றியதையும் எழுத்தில் தெரிவித்தேன். பெரிய டயர் ஒருவேளை பிரச்சினை என்று சொன்னால் பழைய அளவுக்கு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பற்றவைத்த ஆக்ஸிலோடு அப்படித் திரும்ப முடியாது.

கூட்டிப் பார்த்தால், தொங்கிய நிலையில் இருந்து சேஸிஸ் 71 மி.மீ. உயர்ந்திருக்கிறது: தொலைத்ததை மீட்டது 28, கூட வளைத்தது 25, டயர் 18. கம்பெனி உயரத்தோடு ஒப்பிட்டால் 43 மி.மீ.தான், ஒன்றே முக்கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. ரோட்டில் நிற்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும், "அண்ணா, வண்டி புதுசாட்ட இருக்குதுங்களே, பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டான்.

மறுபடியும் சுண்ணாம்பு பூசி மலை ஏறினேன். குறுக்குச் சட்டத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். பின் பிளேட்டில் வலது பக்கம் மட்டும் லேசான தேய்ப்பு. கொக்கி இருந்த இடத்தில் காற்று. பாறைப் படியில் பின் சக்கரம் பள்ளத்துக்குள் கால் நீட்டி இறங்கியது, நாலு சக்கரமும் தரையில் இருந்தன. வளைவுகளில் முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது, மறைக்கவில்லை. இறங்கும்போது இருபத்தைந்தில் எடுத்த வளைவை இருபதில் எடுக்கிறேன். நான்கு வழிச்சாலையில் எண்பதுக்கு மேல் குறுக்குக் காற்று இருந்தால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அது பழைய உயரத்திலும் அப்படித்தான். பெட்ரோல் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைந்திருக்கலாம், டயர் அளவு மாறியதில் மீட்டரை நம்பிக் கணக்குப் போட முடியவில்லை.

முட்டை: முப்பதுக்கு ஒன்று.

அம்மாதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஏறும் இடம் முன்பு தரையில் இருந்து 52 செ.மீ.; இப்போது 59. முதல் நாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அறுத்துப் போட்ட அந்தச் சதுரக் குழாயையே வெட்டி ஒரு பக்கப் படி செய்யலாம் என்று நினைத்தேன். மறுபடி அடியில் தொங்க ஒரு சாமானா என்று விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் மாவாட்ட உட்காரும் முக்காலி முன் சீட்டுக்குப் பின்னால் வருகிறது. அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் நான் இறங்கிப் போய் முக்காலியைப் போட்டு, கை கொடுத்து இறக்குகிறேன். பக்கத்தில் பூக்கடைப் பாட்டி ஒருத்தர் இதைப் பார்த்து, "மகராசி ஆனையில இருந்து எறங்குற மாதிரியல்லோ இருக்குது" என்றார். அதில் இருந்து அம்மா முணுமுணுப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வைகாசி பிறந்ததும் மறுபடி டேப் வைத்து அளந்தேன். மூன்று மூலையும் இரண்டு, மூன்று மி.மீ. படிந்திருக்கிறது, புதுப் பட்டைக்கு அது இயல்பு. முன் வலது மட்டும் 7. பாயிடம் போனில் சொன்னேன். யு போல்ட் நட்டை ஒரு முறை இறுக்கிக்கொண்டு போகச் சொன்னார். கூடவே, "தம்பி, எடை மெஷின்ல ஏறிப் பாத்தீங்களா?" என்றும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், நட்டு இறுக்க.